துள்ளுமாரித் தடுப்பூசி

மழைக்குப் பின் தளிர்த்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த குட்டி, மறுநாள் காலை பட்டியில் துள்ளி விழுந்து, காலை உதைத்துச் செத்துப்போகும். மந்தையில் நன்றாகத் தேறியதையே துள்ளுமாரி என்னும் இந்நோய் முதலில் கொண்டுபோகும். ஆடு வளர்ப்பவருக்கு அதுதான் பெரிய வேதனை.

கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் டி வகை பாக்டீரியா ஆட்டுக் குடலில் சிறிதளவு எப்போதும் இருக்கக்கூடியது. தீனி திடீரென மிகும்போது பெருகி, எப்சிலான் நச்சைச் சுரக்கிறது. குடலிலுள்ள டிரிப்சின் நொதி அந்த நச்சின் வீரியத்தைப் பன்மடங்கு கூட்டிவிடும். ரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் அது தாக்கிய பிறகு, மருந்து கொடுக்கப் பெரும்பாலும் நேரமிருக்காது.

அதே நச்சை ஃபார்மலினால் முடக்கித்தான் தடுப்பூசி தயாராகிறது. கொல்லும் திறன் போய்விடும். உடல் அதை இனங்கண்டு எதிர்ப்பொருளை உருவாக்கும் அளவுக்கு அதன் வடிவம் எஞ்சும். டிப்தீரியா நச்சில் இம்முறையைச் செப்பமாக்கி 1923இல் அறிவித்த காஸ்டன் ரமோன், பிரான்சின் கால்நடை மருத்துவர்.

1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் இத்தடுப்பூசியைத் தயாரித்து வந்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். முதன்முறை போடும் ஆட்டுக்குச் சில வாரங்களில் இரண்டாவது ஊசியும் தேவை. சினை ஆட்டுக்குப் போட்டால், பிறக்கும் குட்டிக்குச் சீம்பால் வழியே எதிர்ப்புச் சக்தி கிடைக்கும்.