டார்ச் வெளிச்சத்தில் ஒரு விசாரணை

நள்ளிரவு தாண்டி 108 வண்டியில் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ராசிபுரம் தாண்டிச் சாலையோரத்தில் பைக்கோடு கிடந்தவர். நினைவில்லை. வாயில் மது வாடை. சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. உடன் வந்த உறவு யாருமில்லை. விபத்தா, பூச்சிமருந்தா, வெறும் போதையா, சர்க்கரை இறங்கிவிட்டதா? 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், அதன் இருபுறமும் மரவள்ளியும் பருத்தியும் விளையும் காடுகளும் உள்ள சேலம், நாமக்கல் சமவெளியில் இந்த நான்கில் எதையும் எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. குடித்தவருக்குத் தலையிலும் அடிபட்டிருக்கலாம். பூச்சிமருந்தால் மயங்கியே பைக்கிலிருந்து விழுந்திருக்கலாம்.

காரணம் தெரியும்வரை மருத்துவர் காத்திருப்பதில்லை. கழுத்தெலும்பு முறிந்திருக்கக்கூடும் என்று தலையை அசையாமல் பிடித்தபடி, மூச்சுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கிறார். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் சர்க்கரை அளவு சில நொடிகளில் தெரிந்துவிடும். பிறகு இமையைத் தூக்கி டார்ச் அடிக்கிறார். மருத்துவத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பது இந்தக் கணம்தான்.

ஒரு கண்ணின் பாவை மட்டும் அகல விரிந்து, வெளிச்சம் பட்டும் சுருங்காமல் நின்றால், மண்டைக்குள் ரத்தம் கட்டுகிறது என்ற சந்தேகம் உடனே எழும். மண்டையோடு விரிந்து இடம் கொடுக்காது. கட்டிய ரத்தம் மூளையைக் கீழே தள்ளும்போது, பாவையைச் சுருக்கும் மூன்றாவது மூளை நரம்பு நசுங்குகிறது. பெரும்பாலும் ரத்தம் கட்டிய பக்கத்துக் கண்தான் விரியும். ஸ்கேன் எடுக்கும் முன்பே, எந்தப் பக்கம் ஆபத்து என்று கண் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இரண்டு பாவைகளுமே குண்டூசி முனையளவு சுருங்கியிருந்தால் கதை வேறு. நரம்புகள் தசைகளுக்கும் சுரப்பிகளுக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக உத்தரவு அனுப்புகின்றன. உத்தரவு சேர்ந்ததும் அந்தப் பொருளைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து இந்த நொதியை முடக்கிவிடும். உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். வியர்வை கொட்டும், எச்சில் வழியும், நெஞ்சில் சளி நிரம்பும், தோலுக்கடியில் தசைகள் நெளியும். சட்டை நனைந்தது மழையால் அல்ல. அபின் வகை மருந்தும் மூளைத்தண்டில் ஏற்படும் ரத்தக்கசிவும்கூடப் பாவையைச் சுருக்கும். ஆனால் உடம்பு இப்படி நனைந்து ஒழுகுவது பூச்சிமருந்தின் அடையாளம். அட்ரோபின் ஊசி போடத் தொடங்கிய பிறகு, மருத்துவர் கண்ணைவிட நெஞ்சின் சத்தத்தையே நம்புகிறார். சளியின் கரகரப்பு அடங்கும்வரை மருந்து ஏறும்.

தரையில் படுத்துத் தூங்கி, விடிகாலையில் வயிற்றுவலியோடு வருகிறவருக்கு இமைகள் தானாகத் தொங்கினால், கட்டுவிரியன் நினைவுக்கு வர வேண்டும். பெரும்பாலும் வீக்கம் இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். கண்ணாடிவிரியன் கடியில் ரத்தம் உறையாமல் போகும். அதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆடாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும்.

ஆனால் உடம்பு எல்லாவற்றையும் உடனே சொல்லிவிடாது. தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, சில மணி நேரம் கழித்துச் சரியலாம். எலி பேஸ்ட் உட்கொண்டவர் மறுநாள் நன்றாகவே நடமாடுவார். கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகுதான் தெரியவரும். “நல்லாத்தானே இருக்காரு” என்று வீட்டுக்கு அழைத்துப்போவது எனக்கு அச்சமூட்டுகிறது.

இந்த இடத்தில் மருத்துவருக்கு வீட்டாரின் வாய்ச்சொல் வேண்டும். என்ன, எத்தனை மணிக்கு என்ற இரண்டே கேள்விகள்தான். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பலர் மறைக்கிறார்கள். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தருவது உண்மைதான். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, தண்டனையிலிருந்து விலக்குகிறது. மனம் உடைந்த வேளையில் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசவும் முடியும். விஷம் குடித்தவருக்கு உப்புத் தண்ணீரோ சாணக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கவைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அதை விட்டுவிட்டு, கிடந்த புட்டியைக் கையோடு கொண்டுவாருங்கள். புட்டியைக் கொண்டுவர முடியாவிட்டால், அதன் லேபிளைச் செல்போனில் படமெடுத்துக் காட்டினாலும் போதும்.