மாசமா இருக்கிறவங்களுக்கு நிழல் வேண்டும்!



கிரகணம் என்றால் மாசமா இருக்கிற பெண்ணை வெளியே விடமாட்டார்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். கிரகணம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மற்ற நாளெல்லாம் மாசமா இருக்கிறவர்கள் உப்பளத்திலும் காட்டு வேலையிலும் உச்சி வெயிலில் நிற்பதுண்டு. அதை யாரும் பெரிசாக நினைப்பதில்லை. அந்த வெயில் என்ன செய்யும், எப்படித் தப்பிக்கலாம் என்று பார்ப்போம்.

மங்கு என்றால் என்ன?

கன்னம், நெற்றி, மூக்கு, மேல் உதடு ஆகிய இடங்களில் பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக வருவதுதான் மங்கு. டாக்டர்கள் மெலாஸ்மா என்பார்கள். "சனி பிடிச்சிருக்கு, அதான் முகம் இப்படி ஆயிட்டு" என்று சிலர் சொல்வார்கள். இது சனியும் இல்லை, தொத்து வியாதியும் இல்லை. நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் கூடுவதால் மெலனினை உண்டாக்கும் செல்கள் தூண்டப்படுகின்றன. வெயிலும் சேர்ந்தால் மெலனின் இன்னும் அதிகமாகி மங்கு விழுகிறது. பிள்ளை பிறந்த சில மாதங்களில் பலருக்குத் தானாகக் குறைந்துவிடும். சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும்.

உப்பளத்தில் ஏன் கூடுதல் கவனம்?

தமிழ்நாட்டில் உப்பு விளைவதில் நம் தூத்துக்குடி மாவட்டம்தான் முதல். உப்பு வாருவதிலும் சுமப்பதிலும் பெண்கள் ஏராளம். அங்கே வெயில் மேலே இருந்து மட்டும் வருவதில்லை. வெள்ளை உப்பிலும் பாத்தித் தண்ணீரிலும் பட்டுத் திரும்பி, கீழே இருந்தும் முகத்தில் அடிக்கிறது. அதனால் தலையில் துண்டு போட்டால் மட்டும் போதாது.

என்ன செய்யலாம்?

1. காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை முடிந்த அளவு நிழலில் இருக்க வேண்டும்.

2. துண்டால் கன்னம், நெற்றி மறையும்படி சுற்றிக் கட்டலாம். அகல விளிம்புத் தொப்பி, குடை, முழுக்கைச் சட்டை நல்லது.

3. சன்ஸ்கிரீன் வாங்க முடிந்தால் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், துத்தநாக ஆக்சைடு உள்ளதாக வாங்கலாம். வியர்வையில் போய்விடும் என்பதால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். வாங்க முடியாவிட்டால் கவலை வேண்டாம். துணியும் நிழலும் காசில்லாத மருந்து.

4. சிவப்பாக்கும் க்ரீம் கண்டபடி பூசக் கூடாது. சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது தாயின் உடம்பு வழியாகப் பிள்ளைக்கும் போகும். ஸ்டீராய்டு க்ரீம் தோலை மெலிசாக்கிவிடும். டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

5. எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகக் கூடாது. தோல் வெந்து இன்னும் கறுத்துவிடும்.

முகத்தைவிடப் பெரிய விஷயம்

மங்கு உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் கடும் சூடு அப்படி இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை ஆராய்ந்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். கடும் சூட்டில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் பிள்ளை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. மங்கைத் தடுக்கிற அதே நிழல்தான் வயிற்றுப் பிள்ளைக்கும் பாதுகாப்பு. அடிக்கடி தண்ணீர் குடிப்பதும் அவசியம். தலை சுற்றினால் உடனே வேலையை நிறுத்திவிட்டு நர்ஸம்மாவிடம் காட்ட வேண்டும்.

வயிற்றுப்பாட்டுக்காக வேலைக்குப் போகிறவர்களை "போகாதே" என்று சொல்வது எளிது. கூலி யார் கொடுப்பது? அதனால் வீட்டுப் பெரியவர்கள் அளத்துக்காரரிடம் பேசி, மாசமா இருக்கிறவர்களுக்கு விடியக்காலை வேலையும் ஒதுங்க ஓர் ஓலைக் கொட்டகையும் கேட்கலாம்.

நாமும் சும்மா இருக்க வேண்டாம். நம் வீட்டு அக்காவோ மைனியோ மாசமா இருந்தால் லீவு நாளில் தண்ணீர் எடுப்பது, துணி காயப்போடுவது, கடைக்குப் போவது எல்லாம் நம் வேலை. "என்ன மைனி, கறுத்துப் போயிட்டீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நிழல்ல உட்காருங்க மைனி, நான் பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லுங்கள்.

நிழல் கொடுப்போம்! தாயையும் சேயையும் காப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி