கல்லாப்பெட்டிக்கும் ஒரு பற்று
கரும்பலகைக்கு இந்தப் பக்கம் – 12

"சார், வரவுன்னா நமக்கு வர்ற காசுதானே? அதைப் போய் ஏன் பற்றுப் பக்கம் எழுதச் சொல்றீங்க?"

பி.காம். முதலாண்டு வகுப்பு. கேட்ட பெண் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவள். கணக்குப்பதிவியல் புத்தகத்தை அதற்கு முன் தொட்டதே இல்லை. நான் அந்த அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. "உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. அதுதான் விதி, மனப்பாடம் பண்ணிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். முதல் இன்டர்னலில் மிகக் குறைந்த மார்க். இரண்டாவது இன்டர்னலுக்கு வரவில்லை. தீபாவளி விடுமுறை முடிந்த பிறகு கல்லூரிக்கே வரவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாக அவள் ஊர்ப் பையன் ஒருவன் சொன்னான்.

என் பதிலால்தான் அவள் படிப்பை விட்டாள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கடன் இருந்திருக்கலாம், வேறு நெருக்கடி இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அருமையான கேள்வி. அதற்கு அருமையான ஒரு பதிலும் இருந்தது. எனக்குத்தான் தெரியாது. நெட் தேர்வில் தேறியிருந்தேன், எம்.ஃபில். முடித்திருந்தேன். கற்பிப்பது எப்படி என்று எனக்கு யாரும் ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தந்ததில்லை. சேர்ந்த அன்று கையில் கொடுத்தவை வருகைப் பதிவேடும் கால அட்டவணையும்தான்.

அந்தப் பதில் எனக்குக் கிடைக்க மூன்று வருடம் ஆனது. கிடைத்த இடம் கல்லூரி வாசலில் இருந்த டீக்கடை. என்னைவிடப் பத்து வருடம் மூத்த இன்னொரு கௌரவ விரிவுரையாளரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தம்பி, பிள்ளைங்க தப்பாப் புரிஞ்சுக்கல. வீட்டு வரவு-செலவு கணக்குல வரவுன்னா வருமானம். அதை வச்சுக்கிட்டு வகுப்புக்கு வருதுங்க. நீங்க அதைத் தொடாம விதியைச் சொன்னா எப்படி ஏறும்? மளிகைக் கடைலேருந்து ஆரம்பிங்க."

"மளிகைக் கடையா அண்ணே?"

"பின்னே? அண்ணாச்சி கடையில அரிசி வாங்கிட்டு, 'பற்று எழுதிக்கோங்க'ன்னு சொல்றோம்ல? நாம பொருளை வாங்கினோம், நம்ம பேர்ல பற்று. சம்பளம் வந்ததும் காசு குடுத்தோம், நம்ம பேர்ல வரவு. வாங்கினா பற்று, குடுத்தா வரவு. இது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். இப்போ கல்லாப்பெட்டியையும் ஒரு வாடிக்கையாளரா நினைச்சுக்கச் சொல்லுங்க. காசு பெட்டிக்குள்ள போனா பெட்டி வாங்கிக்கிச்சு. அதனால பெட்டி பேர்ல பற்று. வெளியே வந்தா பெட்டி குடுத்துருச்சு, வரவு. அவ்வளவுதான்."

மறுநாள் இதை அப்படியே வகுப்பில் சொன்னேன். மூன்று வருடமாக நான் பார்க்காத தெளிவைப் பிள்ளைகளின் முகத்தில் பார்த்தேன். டெபிட், கிரெடிட் என்று ஆங்கிலத்தில் தேர்வு எழுத வேண்டியவர்கள்தான் அவர்களும். அடிப்படை தமிழில் உட்கார்ந்துவிட்ட பிறகு ஆங்கிலப் பெயர் ஒரு சுமையாக இருக்கவில்லை.

இந்தத் தொடரில் ஆசிரியர் பயிற்சி பற்றி எழுதச் சொல்லி வாசகர்கள் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த டீக்கடை பெஞ்சுதான். ஒன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த உண்மையான பணிப் பயிற்சி அது. அவர் வேறு கல்லூரிக்குப் போயிருந்தால் அதுவும் இல்லை.

தமிழக அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் எடுக்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், வருடத்தில் 11 மாதம். மே மாதம் கணக்கில் வராது. பெயருக்குத் தற்காலிகம். நான் பார்த்த கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகளில் பெரும்பகுதி இவர்கள் கையில்தான். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளை, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி முதன்முதலில் சந்திக்கும் ஆசிரியர் இவர்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்ற அமைப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) உருவாக்கியது. பிறகு அது மனிதவள மேம்பாட்டு மையம் என்று மாறியது. 2023 முதல் மாளவியா மிஷன் பயிற்சி மையம். பெயர் மாறினாலும் ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் என்ற வகுப்புகள் நிரந்தர ஆசிரியரின் பதவி உயர்வோடு பின்னப்பட்டவை. சான்றிதழ் இல்லாமல் அடுத்த ஊதிய நிலைக்குப் போக முடியாது, அதனால் போகிறார்கள். பதவி உயர்வே இல்லாதவர் எதற்காகப் போவார்? மூன்று கல்வியாண்டு பணியாற்றிய தற்காலிக ஆசிரியரும் சேரலாம் என்று யு.ஜி.சி. வழிகாட்டுதலில் ஒரு வரி இருந்தது. அதை நம்பி நானும் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். "மூணு வாரம் நீங்க போனா கிளாஸ யார் சார் எடுப்பா?" என்று கேட்டார்கள். கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. உண்மையிலேயே வேறு ஆள் கிடையாது.

அந்த வரியிலேயே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூன்று வருடம் பாடம் எடுத்த பிறகுதான் பயிற்சி. திருப்பூர் போன பெண் என் முதல் வருட மாணவி.

அமெரிக்காவில் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிகள் இதே சிக்கலில் பல காலமாக இருக்கின்றன. அங்கே ஏறத்தாழ 58 சதவீத வகுப்புகளைப் பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கிறார்கள் என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு மையம் 2014-இல் கணக்குச் சொன்னது. ஒரே வாரத்தில் இரண்டு, மூன்று கல்லூரிகளுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். கலிஃபோர்னியாவில் ஜேகர், ஈகன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பகுதிநேர ஆசிரியர்களிடம் அதிகம் படித்த மாணவர்கள் பட்டயம் முடிக்கும் வாய்ப்பு கொஞ்சம் குறைகிறது என்பது அந்த முடிவு. படித்தபோது எனக்கு வலித்தது.

நான்கு வருடம் கழித்து, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து நேர் எதிரான ஒன்று வந்தது. அங்கே நிரந்தரமில்லாத விரிவுரையாளர்களிடம் முதல் பருவத்தில் படித்தவர்கள், அதே பாடத்தின் அடுத்த கட்டத்தில் மேலாகவே செய்திருந்தார்கள். பள்ளி மார்க் குறைவாக இருந்த மாணவர்களுக்கு அந்த நன்மை இன்னும் கூடுதல். ஆனால் அந்த விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் பல வருடம் முழுநேரமாகக் கற்பித்தவர்கள். மாணவர்களும் வேறு, கல்லூரியும் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் நிரந்தரமில்லாதவர் என்றால் மட்டமாகத்தான் கற்பிப்பார் என்ற பேச்சு அதோடு எடுபடாமல் போகிறது. அவரை எந்த நிலையில் வைத்திருக்கிறோம் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ நகரத்தில் வலென்சியா கல்லூரி இருக்கிறது. நாட்டின் சிறந்த சமுதாயக் கல்லூரிக்கான ஆஸ்பென் பரிசை, அந்தப் பரிசு தொடங்கிய 2011-ஆம் ஆண்டிலேயே பெற்றது. அங்கே பகுதிநேர ஆசிரியர் 60 மணி நேரப் பயிற்சி முடித்தால் அவருக்குத் தனிப் பெயரும் கூடுதல் ஊதியமும் உண்டு. பயிற்சிக்கு வா என்று கூப்பிடும்போதே, உன் நேரத்துக்கு விலை உண்டு என்றும் சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

நம் ஊருக்கு என்ன செய்யலாம்? பெரிய அரங்கம், குத்துவிளக்கு, பவர்பாயிண்ட், மாலையில் சான்றிதழ் – இப்படிப்பட்ட ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி (எஃப்.டி.பி.) இன்னொன்று வேண்டாம். அவற்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். "கற்றலின் புதிய பரிமாணங்கள்" என்று பேசுவார்கள். வரவைப் பற்றுப் பக்கம் எழுதுவது ஏன் என்று யாரும் பேச மாட்டார்கள்.

ஒரு மாவட்டத்தில் ஒரே பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் பதினைந்து பேரை ஓர் அறையில் உட்கார வையுங்கள். முதல் ஆறு வாரப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். கணித அறையில் பின்னத்தைச் சொல்வார்கள், இயற்பியல் அறையில் அலகு மாற்றத்தைச் சொல்வார்கள். நான் எங்கேயும் படித்திராத பதில்கள் அந்த அறைகளில் கிடைக்கும். ஒரு மூத்தவர் கூடவே இன்னொன்றும் சொல்லித் தருவார்: தொடர்ந்து இரண்டு நாள் வராத பிள்ளைக்கு மூன்றாம் நாள் போன் போடு, ஒரு வாரம் ஆனால் பிள்ளை திரும்ப வராது. இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. எனக்கு இது நாலாவது வருடத்தில் தெரிந்தது.

காசு இல்லை என்பார்கள். வருகை ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் என்று 2019-இல் யு.ஜி.சி.யே ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறது. அதே தொகையை ஒரு கூட்டத்துக்குக் கொடுப்போம். வருடத்துக்குப் பத்துக் கூட்டம், ஏழாயிரம் பேர். பத்தரைக் கோடி ரூபாய். முதல் மூன்று கூட்டங்கள் ஜூனில், முதலாண்டு வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டும். ஒரு அரசுப் பள்ளியின் வகுப்பறை போதும். டீ மட்டும் நல்லதாக இருக்கட்டும்.