தறி ஓடினாலும் நட்டம், நின்றாலும் நட்டம்!

ஊரார் அவரை "முதலாளி" என்றுதான் அழைக்கிறார்கள். வீட்டின் பின்புறத்தில் ஆறு தறி. தறிக்கு எண்ணெய் விடுவது அவர். இரவு ஷிப்டில் தறி ஓட்டுவதும் அவர். தார் சுற்றுவது அவர் மனைவி. தொழிலாளிக்குக் கூலி கொடுத்து, மின்சாரத்துக்குக் கட்டி, கடனுக்கு வட்டி செலுத்தியபின் அவர் கையில் நிற்பது, சில மாதங்களில் அந்தத் தொழிலாளியின் கூலியைவிடக் குறைவு. இப்படியும் ஒரு முதலாளியா என்று கேட்காதீர்கள், தோழர்களே! சோமனூரிலும் பல்லடத்திலும் அவிநாசியிலும் தெக்கலூரிலும் இத்தகைய 'முதலாளிகள்' ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரர்கள் அவர்கள்.

"விலைவாசி ஏறிவிட்டது, எல்லாருக்கும் கஷ்டந்தான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள் பெரிய மனிதர்கள். எல்லாருக்கும் ஒரே கஷ்டமா? நாம் அப்படி எண்ணவில்லை. செலவு ஏறும்போது தன் சரக்கின் விலையையும் ஏற்றிக்கொள்ள முடிந்தவனுக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. ஏற்ற முடியாதவனுக்கு அது அடுப்பிலே விழும் தண்ணீர்!

இந்தத் தொழில் நடக்கும் முறையைப் பாருங்கள். ஜவுளி உற்பத்தியாளர் நூல் வாங்குகிறார்; பாவையும் ஊடை நூலையும் தறிக்காரரிடம் தருகிறார். தறிக்காரர் துணியாக நெய்து திருப்பிக் கொடுக்கிறார். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார். நூலும் அவருடையதல்ல, துணியும் அவருடையதல்ல. ஆனால் மின்சாரச் செலவு அவருடையது. தறி உதிரிப் பாகங்களின் செலவு அவருடையது. ஆள் கூலி, கட்டட வாடகை, கடன் வட்டி எல்லாம் அவருடையவை. செலவின் விலையை நிர்ணயிப்பவர் வேறொருவர். கூலியை நிர்ணயிப்பவர் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவே நசுங்குபவர் இவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெசவுக் கூலி நூறு ரூபாய், செலவு தொண்ணூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பத்து. செலவு பத்தில் ஒரு பங்கு ஏறுகிறது. தொண்ணூறு, தொண்ணூற்றொன்பது ஆகிறது. கூலி மட்டும் அதே நூறு. மிச்சம் ஒரு ரூபாய்! செலவு ஏறியது பத்தில் ஒரு பங்குதான். குடும்பத்தின் வாழ்வு இறங்கியதோ பத்தில் ஒன்பது பங்கு.

மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் தமிழகத்தில் மின்கட்டணம் உயர்த்தப்பட்டது. 2023 முதல் ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் உயரவும் அந்த உத்தரவே வழி செய்தது. தறிக்காரர்கள் போராடினார்கள், இரண்டு மாதங்களுக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023 மார்ச்சில் 1,000 யூனிட் ஆயிற்று. அது நன்மை, மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்பது வேறு. மின்கட்டணம் விலைவாசியோடு சேர்ந்து ஏறலாம். அதற்கு உத்தரவு உண்டு. அரசாங்க ஊழியரின் பஞ்சப்படியும் விலைவாசியோடு ஏறுகிறது. அது நியாயம், அதற்கும் உத்தரவு உண்டு. நெசவுக் கூலிக்கு மட்டும் ஏன் இல்லை?

கூலி உயர்ந்த கதையைக் கேளுங்கள். 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேச்சு நடந்தது. சோமனூர் ரகத்துக்கு 23 சதவிகிதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவிகிதம் உயர்வு என்று முடிவாயிற்று. காகிதத்தில் ஏறிய கூலி கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. வாரக்கணக்கில் பட்டினி கிடந்து, முன்பு பேசியதைவிடக் குறைந்த உயர்வை ஏற்றுத்தான் தறியைத் திரும்ப ஓட்டினார்கள். 2025 மார்ச் 19 அன்று மறுபடியும் வேலைநிறுத்தம். ஒரு மாதம் தறிச் சத்தமே இல்லை. சோமனூரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஏப்ரலில் 15 சதவிகிதமும் 10 சதவிகிதமும் என்று ஒப்பந்தமாயிற்று. அந்தப் போராட்டத்தின் தலையாய கோரிக்கை என்ன தெரியுமா? வெறும் உயர்வல்ல; சட்டப் பாதுகாப்போடு கூடிய உயர்வு! மீறினால் கேட்க ஆளில்லாத ஒப்பந்தம், பூட்டில்லாத கதவு என்பதை அவர்கள் பட்டறிந்துவிட்டார்கள்.

"எங்களுக்கும் சிரமம் இல்லையா?" என்று உற்பத்தியாளர்கள் கேட்கிறார்கள். உண்டு. 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு வரி போட்டார்கள். 2022 மே மாதத்தில் ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவிகிதம் வரி விதித்தபோது, திருப்பூரே கலங்கியது. இவை பொய்யல்ல. ஆனால் சந்தை மந்தமானால் உற்பத்தியாளர் பாவு கொடுப்பதைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கலாம். தறிக்காரர் காத்திருக்க முடியுமா? தறி நின்றாலும் வட்டி நிற்காதே! மேலே விழும் அடியெல்லாம் படிப்படியாக இறங்கி, கடைசிப் படியில் நிற்பவன் முதுகில்தான் சேருகிறது.

அவர் எப்படித்தான் சமாளிக்கிறார்? தேய்ந்த பாகத்தை மாற்றாமல் ஓட்டுகிறார். மனைவியின் நகையை அடகு வைக்கிறார். ஆளைக் குறைத்துவிட்டுத் தாமே இரண்டு ஷிப்ட் நிற்கிறார். அதுவும் முடியாதபோது, தறியை எடைக்குப் போடுகிறார். துணி நெய்த தறி, பழைய இரும்பு விலைக்குப் போகிறது! இதற்குச் சமாளிப்பு என்றா பெயர்? தன்னைத் தானே தின்பது என்றல்லவா பெயர்!

பாக்கி வசூலும் அப்படித்தான். சிறுதொழிலுக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தந்தாக வேண்டும், தாமதித்தால் வட்டியும் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் தனி ஆளாகப் புகார் கொடுத்தால் அடுத்த பாவு வருமா? அந்த அச்சம் இருக்கும்வரை சட்டம் புத்தகத்தில் தூங்கும். தனி மனிதன் பயன்படுத்த முடியாத உரிமையைச் சங்கம் பயன்படுத்த வேண்டும். புகாரில் ஒரு பெயர் இருந்தால் பழிவாங்கலாம். ஓர் ஊரே கையெழுத்துப் போட்டால் யாரைப் பழிவாங்குவது?

தறிக்காரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு உயர்வு கிடைக்கும் நாளில், உங்கள் தறியில் நிற்பவனை மறந்துவிடாதீர்கள். உற்பத்தியாளர் உங்களிடம் சொல்லும் சாக்கையே நீங்கள் அவனிடம் சொன்னால், நாளை உங்கள் போராட்டப் பந்தலுக்கு அவன் ஏன் வரவேண்டும்? ஒப்பந்தத்திலேயே தொழிலாளியின் பங்கையும் எழுதுங்கள்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. நெசவுக் கூலி ஒப்பந்தத்துக்குச் சட்ட வலிமை வேண்டும். மின்கட்டணத்தைப் போலவே கூலியும் ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி உயர வேண்டும். அந்த உயர்வில் தொழிலாளியின் பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். இதற்குக் கோடிகளைக் கொட்ட வேண்டியதில்லை. ஒரு சட்டம் போதும், அதை நடத்தும் உறுதி போதும்.

மில் தொழிலாளியும் பனியன் தொழிலாளியும் தறித் தொழிலாளியும் இதை எங்கோ நடக்கும் வழக்காக எண்ண வேண்டாம். கடைசிப் படியில் நிற்பவன் விழுந்தால், அடுத்த அடி அதற்கு மேற்படியில் நிற்பவனுக்குத்தான். கிளைக் கூட்டங்களில் பேசுங்கள். சங்கங்களில் தீர்மானம் போடுங்கள். சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்துக் கேளுங்கள். அடுத்த வேலைநிறுத்தம் வருமுன் சட்டம் வரட்டும்!