கடலூரில் இழந்தார், கல்கத்தாவில் கட்டினார்!

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றையொட்டி இடிபாடுகளாகக் கிடக்கிறது ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை. அந்தக் காலத்தில் கடலூரில் ஊழியம் செய்த ஒரு பாதிரியார் எழுப்பிய தேவாலயமோ, கொல்கத்தாவில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

அவர் பெயர் ஜான் சகரியா கீர்நாண்டர். சுவீடன் நாட்டுக்காரர். 1740-ல் கடலூர் வந்தார். 1749-ல் இங்கே அவர் பொறுப்பில் ஒரு தேவாலயமும் வந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கடலூரைப் பிடித்தது. உடைமைகளை இழந்து தரங்கம்பாடிக்குப் போனவர், அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

அங்கேயும் ஆங்கிலேயரின் புனித அன்னாள் தேவாலயம் 1756-ம் ஆண்டுப் போரில் அழிந்திருந்தது. பெரும்பாலும் சொந்தப் பணத்திலேயே ஒரு தேவாலயத்தை 1770-ல் கட்டி முடித்தார் கீர்நாண்டர். அவர் வைத்த பெயர் 'பெத் தெபில்லா'. எபிரேய மொழியில் ஜெப வீடு. செந்நிறச் சுவர்களைப் பார்த்த மக்கள் வைத்த பெயர் 'லால் கிர்ஜா', அதாவது சிவப்புத் தேவாலயம். கல்கத்தாவின் புகழ்பெற்ற புனித பவுல் பேராலயம் 1847-ல்தான் திறக்கப்பட்டது. அதைவிட 77 வருடங்கள் மூத்தது இது!

ஆனால், முதுமையில் கீர்நாண்டர் கடனில் மூழ்கினார். 1787-ல் தேவாலயமே கடன்காரர்கள் கைக்குப் போகவிருந்தது. கம்பெனி அதிகாரி சார்லஸ் கிராண்ட் 10,000 ரூபாய் கொடுத்து அதை மீட்டார்.

கோட்டை கட்டியவர்களிடம் பீரங்கி இருந்தது. ஆனாலும் கோட்டை மிஞ்சவில்லை. தக்க நேரத்தில் கைகொடுக்க ஒருவர் இருந்ததால், தேவாலயம் மிஞ்சியது.