துடுப்புப் பலகையைத் தேர்ந்தெடுத்தல்

அகன்ற பலகையொன்றின்மேல் நிமிர்ந்து நின்று, நீண்ட துடுப்பினால் நீரைத் தள்ளிச் செல்லுதல் இக்காலத்தில் பல நாடுகளிலும் பரவியுள்ள ஒரு நீர் விளையாட்டாகும். பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளே இதன் தாயகம். 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், அங்குள்ள வைக்கீகிக் கடற்கரையில் அலைச்சறுக்குக் கற்பித்தோர் சிலர் இவ்வாறு செல்வாராயினர். நின்று செல்வோர்க்குத் தொலைவில் எழும் அலைகளும் அருகில் நீந்துவோரும் நன்கு புலப்படுவர்.

கடையில் அடுக்கப்பட்டுள்ள பலகைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். எனினும், எல்லாப் பலகையும் எல்லார்க்கும் பொருந்தாது. வாங்குவோர் தம் உடலெடை, தாம் செல்லும் நீர்நிலை, உயிர்க்காப்பு ஆகிய மூன்றனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீசு கண்ட உண்மை. ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ளது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 10 கிலோகிராம் எடையுள்ள பலகையின்மேல் நின்றால், அது 70 லிட்டர் நீரை விலக்க வேண்டும். பலகையின் கன அளவும் 70 லிட்டரேயாயின், அது முழுதும் நீருள் அமிழ்ந்துவிடும். நிற்பவர் சற்றே அசைந்தாலும் நிலைகுலைவார். ஆதலின், புதியவர்கள் தம் எடையைக் குறிக்கும் எண்ணினும் இருமடங்குக்கு மேற்பட்ட லிட்டர் அளவுடைய பலகையையே கொள்வர்.

அகலம் நிலைபேற்றைத் தரும்; நீளமும் ஒடுக்கமும் விரைவைத் தரும். பந்தயப் பலகைகள் 14 அடி நீளமும் கூரிய முனையும் உடையன. பழகாதவர் அவற்றின்மேல் நிற்பதே அரிது. அவர்க்கு 10 அல்லது 11 அடி நீளமும், ஏறத்தாழ 32 அங்குல அகலமும் உடைய பலகையே ஏற்றது.

திண்ணிய பலகையேயன்றிக் காற்றடைத்த பலகையும் உண்டு. இதன் மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் ஆயிரக்கணக்கான நூலிழைகள் உள்ளே இணைத்து நிற்கின்றன. அதனால், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் காற்றை அடைத்தாலும் அது பந்துபோல் உருளாது தட்டையாகவே இருக்கும். சுருட்டி எடுத்துச் செல்வதற்கு எளியது. பாறையில் மோதினும் எளிதில் உடையாது. ஆனால், கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று இதனை விரைவில் தொலைவுக்கு இழுத்துச் சென்றுவிடும்.

பலகையோடு வாங்க வேண்டியவை உயிர்காப்புச் சட்டையும் பிணைக்கயிறுமாகும். கடலில் கயிற்றைக் காலிற் கட்டுவர். விழுந்தவரைவிட்டுப் பலகை விலகாது. ஓடும் ஆற்றிலோ அக்கயிறே மரக்கிளையிற் சிக்கி உயிருக்கு உலைவைக்கும். எனவே, அங்கு இடுப்பிற் கட்டி ஒரே இழுப்பில் கழற்றத்தக்க கயிறே வேண்டும். பெருக்கெடுத்த ஆற்றில் இறங்காமையே அதனினும் சிறந்த காப்பு. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், வேல்ஸ் நாட்டு ஹேவர்ஃபோர்டுவெஸ்ட் நகரில், நீர் பெருகிய ஆற்றில் பலகைகளிற் சென்ற குழுவினர் சிற்றணையொன்றில் அகப்பட்டனர். அவருள் நால்வர் உயிர்நீத்தனர்.

பலகையின் வண்ணமும் விலையும் கண்ணைக் கவரலாம். ஆயினும், ஏறியவரைத் தாங்கி மீண்டும் கரைசேர்க்கும் பலகையே நல்ல பலகையாகும்.