முட்டை போட்ட பெண் பச்சோந்தி.. முட்டையைக் கவனிப்பதா, தாயைக் கவனிப்பதா? முதல் சில நாட்களில் என்ன செய்யணும்?

ஒரே நேரத்தில் 30, 40 முட்டைகள். சில சமயம் அதைவிடவும் அதிகம். வாலையும் சேர்த்தால் சுமார் ஒரு அடி நீளம்தான் வரும் ஒரு பெண் பச்சோந்தி, இத்தனையையும் வயிற்றில் சுமந்து மண்ணுக்குள் இறக்கிவிட்டு வெளியே வருகிறது. வளர்ப்பவர்கள் உடனே எண்ணுவது முட்டையை. போட்டோ எடுப்பதும் முட்டையைத்தான். ஆனால் அந்த நேரத்தில் ஆபத்தில் இருப்பது, முகமெல்லாம் மண் ஒட்டிக்கொண்டு கிளையில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் தாய்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் 'வெய்ல்டு கமீலியன்' வகையை வைத்தே இங்கே பார்க்கிறோம். தலையில் உயரமான கொண்டை இருக்குமே, அதுதான். சொந்த ஊர் ஏமனும் சவுதி அரேபியாவும்.

ஆணே இல்லாமல் முட்டையா?

ஆமாம். பண்ணைக் கோழி சேவல் இல்லாமலே முட்டை போடுகிற மாதிரிதான் இதுவும். அப்படிப் போடும் முட்டையிலிருந்து குஞ்சு வராது. ஆனால் தாயின் உடம்புக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கரு உள்ள முட்டையோ இல்லாத முட்டையோ, போகிற சத்து போகத்தான் செய்யும். "இது வெறும் முட்டைதானே" என்று விட்டுவிட முடியாது என்பது அதனால்தான்.

முதல் தேவை தண்ணீர்

குழி தோண்டுவது, முட்டை இடுவது, மறுபடி மண்ணை இழுத்து மூடுவது எல்லாம் சேர்ந்து ஒரு நாளுக்கு மேலும் போகலாம். அந்த நேரத்தில் பெரும்பாலும் அது சாப்பிடாது, குடிக்காது. குழியை அதுவே மூடட்டும். 'வேலை முடிஞ்சுதே' என்று நடுவில் தூக்கிவிடக் கூடாது.

மேலே ஏறி வந்ததும் தண்ணீர். கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் பச்சோந்திக்கு அது தண்ணீர் என்றே பொதுவாகத் தெரியாது. இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். எனவே கூண்டுக்குள் இலைகள் மேல் பொறுமையாக, பல நிமிடங்கள் பூஞ்சாரலாகத் தெளிக்க வேண்டும். கண்ணோரத்தில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொள்ளவும் இந்தச் சாரல் உதவும். வாயைப் பிளந்து சிரிஞ்சில் தண்ணீர் விடும் வேலை மட்டும் வேண்டாம். மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டால் கதை வேறு.

போதுமான அளவு குடிக்கிறதா என்பதைக் கழிவைப் பார்த்தே சொல்லலாம். கழிவோடு வரும் சுண்ணாம்பு போன்ற பகுதி வெள்ளையாக இருந்தால் சரி. ஆரஞ்சு, அடர் மஞ்சள் நிறத்தில் வந்தால் உடம்பில் தண்ணீர் போதவில்லை.

அடுத்து கால்சியம்

முட்டை ஓட்டுக்குத் தேவையான கால்சியம் தாயின் உடம்பிலிருந்தே போகிறது. சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கும். அதனால் சில்வண்டு, பட்டுப்புழு, வளர்ப்புக் கரப்பான் என எந்தப் பூச்சி கொடுத்தாலும் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுப்பது வழக்கம். பட்டுப்புழுவில் ஈரப்பதமும் அதிகம், இந்த நேரத்துக்கு நல்ல தேர்வு. அந்தப் பூச்சிகளுக்கே முதல் நாள் கீரை, கேரட் கொடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பொடி மட்டும் போதாது. யூவிபி விளக்கு இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 சரியாக உருவாகாது. டி3 இல்லாவிட்டால் கொடுக்கிற கால்சியம் வீண். விளக்கு எரிகிறதே என்று நம்பிவிட வேண்டாம். வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி மட்டும் மாதங்கள் போகப் போகக் குறைந்துவிடும்.

முதல் சில நாட்களுக்குக் கேட்கிற அளவு உணவு கொடுக்கலாம். அதோடு ஆளரவம் இல்லாத அமைதியும் வேண்டும். தூக்கிக் கொஞ்சுவது, ரீல்ஸ் எடுப்பது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். முட்டை வந்துவிட்டது என்பதற்காக எல்லா முட்டையும் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. சில முட்டைகள் உள்ளேயே தங்கிவிடலாம். முட்டை போட்டு முடித்த பச்சோந்தியின் வயிறு பார்த்தாலே ஒட்டிப்போய் இருக்கும். முன்னும் பின்னும் கிராம் தராசில் எடை போட்டு வைத்திருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வயிறு இன்னும் உப்பலாக இருக்கிறதா? மறுபடி மறுபடி தரையில் இறங்கித் தோண்டுகிறதா? சந்தேகப்படுங்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், முட்டை உள்ளேயே உடைந்துவிடலாம்.

பகலில் கண்ணை மூடிக்கொண்டே இருப்பது, கண் குழி விழுவது, கிளையைப் பிடிக்க முடியாமல் கீழே கிடப்பது, கால் துடிப்பது, நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிக்க முடியாமல் போவது. இதில் ஒன்று தெரிந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. துடிப்பும் நாக்குப் பிரச்னையும் பெரும்பாலும் கால்சியம் குறைவின் அடையாளம். எக்ஸ்ரே எடுத்தால் முட்டை மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நிலைமையைப் பொறுத்து கால்சியம், ஆக்சிடோசின் ஊசி, கடைசி வழியாக அறுவை சிகிச்சை. நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய டாக்டருக்கு இது புதிதாக இருக்கலாம். ஊர்வன சிகிச்சை தெரிந்த ஒருவரின் நம்பரை முன்பே வாங்கி வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

முட்டையை என்ன செய்வது?

ஆணோடு சேராத பச்சோந்தி என்றால் முட்டையை அப்புறப்படுத்தலாம். சேர்ந்திருந்தால், எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே, புரட்டாமல், ஈரமான வெர்மிகுலைட்டில் வைப்பார்கள். குஞ்சு வர 6 முதல் 9 மாதம் ஆகலாம். ஆணின் விந்தை உடம்பில் சேமித்து வைத்துக்கொள்ளும் திறன் பெண்ணுக்கு உண்டு, அதனால் அடுத்த ஈட்டிலும் கரு இருக்கலாம்! குஞ்சு வேண்டாம் என்றால் ஃப்ரீசரில் உறைய வைத்த பிறகே குப்பையில் போட வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் இதே வகை, வீட்டு வளர்ப்பிலிருந்து வெளியே போய்த்தான் காட்டில் பெருகியது. முட்டையைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், சால்மொனெல்லா இருக்கலாம்.

மூன்று, நான்கு மாதத்தில் அடுத்த ஈடு வரலாம். ஈடு அதிகமானால் ஆயுள் குறையும். அதனால் தாய் தேறியதும், அனுபவசாலிகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்கைந்து பூச்சி என்று உணவைக் குறைத்து, குளிர்காயும் இடத்தின் வெப்பத்தையும் சுமார் 27 டிகிரி செல்சியஸுக்கு இறக்கிவிடுகிறார்கள். இதனால் முட்டை எண்ணிக்கை குறையும், சில சமயம் முட்டை போடாமலேகூட இருக்கும். ஆனாலும் ஈர மணல் போட்ட தொட்டி கூண்டில் எப்போதும் இருக்கட்டும். தோண்ட இடம் கிடைக்காமல்தான் பல பச்சோந்திகள் முட்டையை அடக்கி வைத்துக்கொண்டு உயிரை விடுகின்றன.

நம்ம ஊரில் வளர்க்கலாமா?

நம்ம ஊர்ப் பச்சோந்தியை வளர்க்கவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வெய்ல்டு கமீலியன் வெளிநாட்டு இனம், சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட உயிரினம் வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். முட்டை பொரித்துக் குஞ்சு வந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

நம்ம ஊர்ப் பச்சோந்தியும் முட்டையிட மரத்தை விட்டு இறங்கி மண்ணைத்தான் தேடி வரும். வயிறு பெருத்த பச்சோந்தி ஒன்று ஆடி ஆடி ரோட்டைக் கடந்தால், வண்டியை நிறுத்தி அது போகும் பக்கமே கடக்க விடுங்கள். வீட்டுக்குத் தூக்கி வர வேண்டாம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.